பெஞ்சு வரிசையிலிருந்து எழுந்த கூச்சல்

இன்று காலை கடையில் கூந்தல் தைலப் பெட்டி ஒன்றை உடைத்தேன். வைக்கோலுக்குள்ளிருந்து எடுத்த புட்டியில் பத்மலேகாவின் முகம். சினிமாவிலிருந்து அவளை விரட்டியாயிற்று. முகத்தை மட்டும் எண்ணெய்க்காரன் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறான். நானும் விற்கத்தான் போகிறேன், சரக்கு போகும். எனக்கு வந்த கோபம் எண்ணெய்க்காரன் மேல் இல்லை. உம்மேல்தான் ஐயா. அவள் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்காமல் செத்துப்போனீரே, உம்மேல்தான்.

பவானிபூர் மெஸ்ஸில் நாம் ஒரே அறை. நீர் கிளைவ் ஸ்ட்ரீட்டில் வெள்ளைக்காரக் கம்பெனியின் ஸ்டெனோ. நான் அப்பளக் கட்டைத் தலையில் சுமந்து வீடு வீடாக விற்றவன். சனிக்கிழமை பிற்பகல் ஊமைப்பட ஆட்டத்துக்கு மெஸ்ஸே கிளம்பும். முன்வரிசைப் பெஞ்சு நமக்கு. திரையில் எழுத்து வந்ததும் ஆங்கிலத்தைப் படித்து உரக்கத் தமிழில் சொல்வது உம் வேலை. "சுப் கொருன் மொஷாய்!" என்று பின்னாலிருந்து வங்காளிகள் வாயை மூடச் சொல்லிக் கத்துவார்கள். நீர் இன்னும் ஒரு பங்கு குரலை உயர்த்துவீர்.

எழுத்தோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. ஒருநாள் அழுகைக் காட்சியில் அவள் உதடு அசைந்தது. என் தொடையில் ஓங்கி அடித்தீர்.

"பாத்தீராவே? 'நான் போமாட்டேன்'னு தமிழ்ல சொல்லுதா!"

"உமக்கென்ன பைத்தியமா? அது வங்காளப் படம்வே."

"படம் வங்காளம். பொண்ணு நம்ம ஊரு. உதட்டை நல்லாப் பாரும்."

பார்த்தோம். நாம் நினைத்ததையெல்லாம் அந்த உதடு சொன்னது. அடுத்த வாரம் மெஸ் சமையற்காரர் அவள் 'ஐயோ அம்மா' என்றதைக் கண்டுபிடித்தார். ஒரே மாதத்தில் அவள் தாமிரபரணிக் கரைப் பெண்ணாகிவிட்டாள். எந்தக் கரை, எந்தத் தெரு என்பதில் அடிதடிவரை போனது. "மாமியா கொடுமை தாங்காம ரயிலேறி வந்தவ, பாவம்" என்று நீர் கதை கட்டினீர். கேட்டு நாங்கள் கண் கலங்கினோம். சரக்கை முகர்ந்து பார்க்காமல் வாங்காத நான், அதை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

பிறகு பத்திரிகையில் வந்தது. அவள் தால்தலா சந்தில் குடியிருக்கும் ஆங்கிலோ இந்தியப் பெண். பத்மலேகா என்பது சினிமாக் கம்பெனி வைத்த பெயர். அன்று நீர் இலையில் உட்காரவில்லை. "மோசம் பண்ணிட்டாவே" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர், கட்டின பெண்டாட்டி ஓடிப்போனதைப்போல.

பேசும் படம் வரப்போகிறது, யாரை வைத்துக்கொள்ளலாம், யாரைக் கழிக்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. புதுப்படத்தின் முதல் ஆட்டத்துக்கு அவளையே மேடையேற்றினார்கள். அந்த ஒரு ஆட்டம் நல்லபடியாக முடிந்தால் அவளுக்கு வேலை நிலைக்கும். அவள் வந்து கும்பிட்டாள். நீர் பெஞ்சின் மேல் ஏறி, "ஏமாத்துக்காரி!" என்று கூவினீர். தமிழே தெரியாத கூட்டமும் கூச்சலைப் பிடித்துக்கொண்டது. பழத்தோல் பறந்தது. கும்பிட்ட கையை இறக்காமலே அவள் உள்ளே போனாள். அடுத்த மாதம் கம்பெனி அவளைக் கழித்துவிட்டது. நீரோ, "அவ கெடக்கா, விடும்வே" என்று வேறொருத்தியின் படத்துக்குக் கிளம்பிவிட்டீர்.

டைபாய்டில் நீர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்டேன்: "அவளுக்கு ரெண்டு வரி எழுதிக் கொடும். நான் கொண்டுபோய்க் குடுக்கேன்." நாளெல்லாம் துரைக்குக் கடிதம் அடித்த கை ஐயா உம்முடையது! "கூத்தாடிக்கு லெட்டராவே?" என்றீர்.

நானே போனேன். அவள் தையல் மிஷினில் யார் வீட்டுக் குழந்தைக்கோ கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸ்காரர்கள் அவளைத் தங்கள் ஊர்ப் பெண் என்று நம்பிய கதையை எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு மிஷினை நிறுத்தினாள்.

"பாபு, சத்தமே வராத படத்தில் நான் எப்படிப் பொய் சொல்லியிருக்க முடியும்?"

அதை வந்து உம்மிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர். மூன்றாம் நாள் போய்விட்டீர். பதில் சொல்லாமல் போனது உமக்குச் சௌகரியம். நீர் உயிரோடிருந்தால் உம்மைத் திட்டியே என் காலத்தை ஓட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்.

அன்று உம்மிடம் ஒன்றை மறைத்தேன். நான் வாசற்படி இறங்கும்போது அவள் கேட்டாள்: "அன்றைக்கு நீங்களும் அங்கே இருந்தீர்களா?"

பெஞ்சில் நீர் விழாமலிருக்க உம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். உமக்கு அடுத்து எழுந்த குரலும் என்னுடையது.

"இல்லை அம்மா" என்றேன்.

அவள் நம்பினாள். நீங்களாவது வந்தீர்களே என்று எனக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறேன்.