மோடத்துக்கு அர்ச்சனை

அண்ணே,

இன்று தானா ராத்தா டவுனில் ஒரு கடையில் கணினிக்குச் சந்தனம் பூசிக் கற்பூரம் காட்டினார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் வந்து நின்றது. நீங்கள் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் நடுவில் நம் தேயிலை எஸ்டேட் ஆபீசுக்குக் கணினியும், அதை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடமும் வந்தன. ஆபீஸ் கணக்கெழுதுவதில் நீங்கள் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி. அதைத் தொடப் பயந்தது நீங்கள். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஆங்கிலக் கையேட்டைப் படித்துத் தேறியது நான். சாயங்காலம் டெலிபோனைச் சுழற்றினால் கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் கணினி கீச்சிட்டுக்கொண்டு எடுக்கும். பாஸ்வேர்டைத் தட்டியதும் அன்றைய கொழுந்தின் எடை போய்ச் சேரும்.

"அண்ணே, அந்த நம்பர யாரு சுத்துனாலும் அது எடுக்கும். இந்தச் சொல்லுதான் பூட்டு. வாய விட்றாதீங்க" என்று அப்போதே சொன்னேன்.

மழைக்காலத்தில் லைன் அறுந்துகொண்டே இருந்தது. மோடத்துக்குத் தோஷம் என்றீர்கள். ஆயுத பூஜையன்று அதைத் தாம்பாளத்தில் வைத்துத் தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டீர்கள்.

"யாரு பேருக்கு அர்ச்சனை?" என்றார் பூசாரி.

"இதுக்குத்தான் சாமி. பேரு கே, கியூ, ஏழு, எம்."

"நட்சத்திரம்?"

"போன மாசம்தான் வந்திச்சு. நல்லதாப் பாத்து ஒன்னு போடுங்கலா."

கூட்டம் சிரித்தது. நீங்கள் சொன்னது பாஸ்வேர்டை. பூசாரி அந்த எழுத்துகளை ராகத்தோடு நீட்டி நீட்டிப் பாடினார். லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளிச் சனம், லாரிக்காரர்கள், மலைக்குக் கீழே தாப்பா டவுனிலிருந்து வந்திருந்த தேயிலை வியாபாரிகள் எல்லோர் காதிலும் விழுந்தது. இன்றைக்கே சொல்லை மாற்றச் சொல்லித் தலைமை ஆபீசுக்குப் போன் போடுங்கள் என்று உங்கள் பின்னாலேயே அலைந்தேன். கேட்கும் அதிகாரம் உங்களுக்குத்தான் இருந்தது.

"சாமி காதுல போட்ட பேர மாத்தச் சொல்றியா? கொழுந்து கிள்றவளா வந்து மோடம் போட்டுத் திருடப் போறா? போடா, புஸ்தகம் படிச்சுக் கெட்டவனே."

கொஞ்ச நாளில் எவனோ அந்தச் சொல்லைத் தட்டித் தலைமை ஆபீஸ் கணினிக்குள் புகுந்தான். ஏலத்துக்குப் போகவிருந்த தேயிலைக்குக் கம்பெனி ரகசியமாகக் குறித்திருந்த விலைகளைப் பார்த்துவிட்டான். எவன் என்று கடைசிவரை தெரியவில்லை. எஸ்டேட் மேனேஜர் துரை நம் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, அந்தச் சொல் யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார்.

"இவன் ஒருத்தனுக்குத்தான் தொரை. நான் மிஷின் பக்கம் போறதே இல்ல" என்றீர்கள்.

அர்ச்சனையைச் சொன்னேன். துரை லயத்து ஆட்களை விசாரித்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் குடியிருந்ததும் எஸ்டேட் வீடுதானே. அந்த வாரமே என் வேலையும் வீடும் போயின. சாமான் ஏற்றிய லாரிப் பக்கம் நீங்கள் வந்தீர்கள். "கோவிச்சுக்காத தம்பி, எனக்கும் புள்ளகுட்டி இருக்குலா" என்றீர்கள்.

கோலா தெர்லாவில் முட்டைக்கோசுத் தோட்டத்துத் தகரக் கொட்டகைதான் கிடைத்தது. அந்தக் குளிரில் என் மனைவி இருமி இருமி இரண்டாம் வருஷம் அடங்கினாள். நீங்கள் துக்கத்துக்கு மாலை கொடுத்தனுப்பினீர்கள். அதை மாட்டுக்குப் போட்டேன்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தபடி ஆள் விட்டீர்கள். வந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுடா. நிம்மதியாப் போயிடுறேன்" என்று அழுதீர்கள்.

உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். "அந்த வார்த்த என்கிட்ட பத்திரமா இருக்குண்ணே. யாருக்கும் சொல்லக் கூடாததச் சொல்லாம வச்சிருக்க எனக்குத் தெரியும்" என்றேன்.

நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தேன். மறுநாள் செய்தி வந்தது.

இப்போது அதைக் கேட்க ஆளில்லை. இருந்தும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.