அப்பா ஏறிய பாதி ரயில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலையும் உன் அப்பாவின் வாயையும் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு, உன் மாமா வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாமாவுக்கு இதய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அப்பாவும் மாமாவும் எப்படிப் பேச ஆரம்பித்தார்கள் என்று நீ கேட்டதும் அப்பா போனைப் பிடுங்கி, "ரயில்காரன் பண்ணின குளறுபடி, வேற ஒண்ணுமில்லை" என்று முடித்துவிட்டார். நான் எதைச் சொன்னாலும் பக்கத்தில் நின்று திருத்துகிறார். காகிதத்தில் அது நடக்காது.

உன் கல்யாணத்தன்று நீ உள்ளே அலங்காரத்தில் இருந்தாய், வாசலில் நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. என் தம்பி தன் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்கதவைத் திறந்தால், அங்கே ஒரு வாடகை டிரைவர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். "நீங்க பின்னாடி உட்காருங்க அத்தான்" என்றான் இவன். காலமெல்லாம் பஸ் ஓட்டின மனுஷனுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. அன்றோடு பேச்சு நின்றது. இவன் இந்த நாட்டுக்கு வேலைக்குக் கிளம்பியபோது அப்பா வழியனுப்பக்கூட வரவில்லை. ஆபரேஷன் என்று உன் அத்தை போனில் அழுததும், "உனக்குத் துணைக்கு வரேன், அவ்வளவுதான். அவன்கிட்ட வாயே திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

விமான நிலையத்திலிருந்து போக நீ விவரமாக எல்லா வழியும் அனுப்பியிருந்தாய். டாக்ஸி எடுங்கள், அதுதான் சுலபம் என்றாய். முன்பின் தெரியாதவன் கையில் உயிரைக் கொடுப்பதா என்று அப்பா அதைத் தள்ளிவிட்டார். விரைவு பஸ்ஸைப் போய்ப் பார்த்தார். டிரைவர் ஒரு கையால் ரொட்டி தின்றுகொண்டிருந்தாராம், அதுவும் ஆகாது. கடைசியில் நானே ஓட்டுகிறேன் என்று வாடகைக் கார் கொடுக்கும் இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். இங்கே ஸ்டீயரிங் மறுபக்கம். உட்கார்ந்த வேகத்தில் பழக்கதோஷத்தில் கியரைப் போடக் கையை நீட்டினார், கதவு திறந்துகொண்டது. மறுபடி நீட்டினார், கண்ணாடி கீழே இறங்கியது. சாவி கொடுத்த பெண் சிரித்த முகம் மாறாமல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு மிச்சம் இருந்தது ரயில்தான்.

பின்பக்கப் பெட்டியில்தான் உட்கார வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய், உட்கார்ந்தோம். ஆனால் உங்கப்பாவால் சும்மா இருக்க முடிகிறதா? "இவன் எப்படி ஓட்டறான்னு பார்த்துட்டு வரேன்" என்று முன்னால் கிளம்பிவிட்டார். ஒரு பெரிய ஸ்டேஷனில் ரயில் நின்றது. ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார்கள். ஜனங்கள் இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் மாறி மாறி ஓடினார்கள். ஜன்னல் சீட்டுக்கு இந்த நாட்டிலும் இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் கிளம்பியதும் எட்டிப் பார்க்கிறேன், எங்களுக்கு முன்னால் இருந்த பாதி ரயிலைத் தனியாகக் கழற்றிவிட்டிருக்கிறார்கள், அது வேறு தண்டவாளத்தில் மலைப் பக்கமாகத் திரும்பிப் போகிறது! அதன் ஒரு ஜன்னலில் உங்கப்பா, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு. நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

பெட்டி, பாஸ்போர்ட், அவர் போன் எல்லாம் என்னிடம். டிக்கெட் மட்டும் அவரிடம். டிக்கெட் பார்க்க வந்த பெண்ணிடம் எந்த மொழியில் சொல்வது? கையில் இருந்த ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியை அந்தப் பக்கம் தூர வைத்து, "புருஷன்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு அழுகைதான் வந்தது. தம்பிக்குப் போன் போட்டால் யாருடனோ பேசிக்கொண்டே இருக்கிறான். அப்புறம் அத்தை கிடைத்தாள். "கடைசி ஸ்டேஷன்ல இறங்கி படகுல ஏறுங்க அண்ணி, இக்கரையில நான் நிக்கறேன்" என்றாள். தன்னந்தனியாக, இரண்டு பெட்டியோடு நான் படகு ஏறி வந்துவிட்டேன். இதை மாப்பிள்ளையிடம் அவசியம் சொல்.

தம்பி அவ்வளவு நேரம் யாரோடு பேசினான் என்கிறாய்? உங்கப்பாவோடுதான். மலைமேல் ஒரு குட்டி ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். அங்கே டீக்கடைப் பெண் இரக்கப்பட்டுப் போனைக் கொடுத்திருக்கிறாள். என் நம்பர் இவருக்குத் தெரியாது, அது போனில்தானே இருக்கிறது என்கிறார். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் தம்பியுடையது. எப்படி என்று நான் கேட்டால் ரயில்காரனைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார். தம்பிதான் சொன்னான், "ஊர்லேர்ந்து அடிக்கடி ஒரு போன் வரும்க்கா. எடுத்தா யாரும் பேச மாட்டாங்க, கட் ஆயிடும்" என்று. அன்றும் முதலில் தொண்டையைக் கனைக்கிற சத்தம்தான் கேட்டதாம். அப்புறம், "நான் பஸ் டிரைவர் பேசறேன்" என்றாராம்.

டாக்டர் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால், அத்தை கத்தக் கத்தத் தம்பி பஸ் பிடித்து மலைக்குப் போயிருக்கிறான். திரும்பும்போது இருவரும் டிரைவருக்குப் பின் சீட்டில். "வளைவுல இப்படியா பிரேக்கை மிதிப்பான், கேளுடா" என்று இவர் சொன்னதையெல்லாம் தம்பி அந்த ஊர் மொழியில், "எங்க அத்தானும் பஸ் டிரைவர்தான், நீங்க ஓட்டறதை ரொம்பப் பாராட்டறார்" என்று மாற்றிச் சொல்லியிருக்கிறான். டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் நிலையம் வந்து எல்லோரும் இறங்கியதும், இன்ஜினை அணைத்துவிட்டு அப்பாவைத் தன் சீட்டில் உட்காரச் சொன்னாராம். உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தடவினார். கண்ணாடியில் தம்பியைப் பார்த்து, "அன்னிக்கு என்னை நம்பி வண்டியைக் கொடுக்கலையேடா" என்றாராம். தம்பி, "அன்னிக்கு நீங்க பொண்ணைப் பெத்தவர் அத்தான். டிரைவர் சீட்ல உட்கார்ந்து வேர்த்துக்கிட்டு வரக் கூடாதுன்னுதான் ஆளைக் கூட்டிட்டு வந்தேன்" என்றான். "அதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" "நீங்க நின்னு கேட்டாத்தானே!" அப்பா ஹாரனை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "சத்தம் பத்தாது" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க அப்பா ஆஸ்பத்திரி நடையிலேயே நின்றார். உட்காரச் சொன்னதற்கு என்மேல் எரிந்து விழுந்தார். இப்போது தினமும் அதே டிரைவரின் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். திரும்பிப் போகிற டிக்கெட்டை என்னைக் கேட்காமலே தள்ளிப் போட்டாயிற்று, நம் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டாரிடம் நீதான் சொல்ல வேண்டும். குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததே, காதை மூடிக் கூட்டிக்கொண்டு போ. நீயும் வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். நான் எழுதியதை அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே.

நேற்று நான் வார்டுக்குள் போனபோது தம்பி நுரை பூசிய முகத்தோடு தலையணையில் சாய்ந்திருந்தான். சவரம் செய்ய வந்த நர்ஸை நகரச் சொல்லிவிட்டு உங்கப்பாவே கத்தியைப் பிடித்திருந்தார். "ஆடாதேடா" என்று அதட்டிக்கொண்டு, ஒரு கீறல் விழாமல் மழித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து ஒழுகியதைத் துடைக்கத்தான் கை ஒழியவில்லை.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும்
அம்மா