ஊசி வண்டி வரும் வியாழன்

மூன்றாவது லயம்,
கேமரன் மலை.
4.3.1979

அன்புள்ள அத்தான்,

வணக்கம். நானும் பாப்பா ஜெயாவும் சுகம். குவா மூசாங் காட்டில் மரம் ஏற்றும் லோரி ஓட்டுகிற உங்களைப் பற்றித்தான் எப்போதும் யோசனை. பொங்கலுக்கு வந்து போனவர், அதற்குப் பிறகு இரண்டே கடிதம் போட்டிருக்கிறீர்கள். போகட்டும்.

ஜெயாவுக்கு ஐந்து மாதம் முடிந்தது. குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கிறாள்.

ஒரு பயமான சேதி. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவின் மகன் காளிமுத்துவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். சளி என்று நினைத்தார்கள். நேற்று கழுத்து வீங்கி, மூச்சு விடும்போது கர்கர் என்று சத்தம். வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாய்ப் படர்ந்திருக்கிறது. தோட்டத்து வண்டி இல்லாததால், திரிங்காப்பிலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது ஈப்போவில் இருக்கிறான். தொண்டை அடைப்பான் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் சொன்னாராம்.

இன்று ருக்குமணி மிஸி லயத்தில் வீடு வீடாக வந்தார். புதிதாக வந்திருக்கும் சின்ன வயது நர்ஸ். “பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சாக்கா?” என்று கேட்டார். “தூங்குது, அப்புறம் வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். நம் பிள்ளை பழனி போன பிறகு ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே பாப்பாவை மறைத்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது. ஆனால் காளிமுத்துவின் மூச்சுச் சத்தமும் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

என்ன செய்யட்டும்? உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
அம்சவல்லி

*

குவா மூசாங்,
13.3.1979

அன்புள்ள வல்லி,

கடிதம் கிடைத்தது. காளிமுத்து குணமாகி வரவேண்டும். செல்லம்மாவுக்கு ஆறுதல் சொல்.

ஊசி வேண்டாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பழனியப்பன் இதே வயதுப் பிள்ளை. காலையில் ஊசி, சாயங்காலம் காய்ச்சல், மறுநாள் கைகால் இழுப்பு, மூன்றாம் நாள் நாம் அவனைக் கொண்டுபோய்ப் புதைத்தோம். மூளைக் காய்ச்சல், ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

நீ அன்றைக்கு வெளியில் நின்றாய். உள்ளே அவன் இரண்டு காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டவன் நான். அவன் என்னைப் பார்த்துத்தான் அழுதான். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இங்கே ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதுகூடச் சில நேரம் என் கையைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறது.

நீ வேலைக்குப் போகும்போது ஜெயாவை மற்றப் பிள்ளைகளோடு ஆயாக் கொட்டகையில் விடாதே. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடு. மாரியம்மன் கோயிலில் விளக்குப் போடு. என் பேச்சை மீறி ஊசி போட்டாயானால், அதற்குப் பிறகு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

தங்கையா

*

மூன்றாவது லயம்,
24.3.1979

அன்புள்ள அத்தான்,

காளிமுத்து போய்விட்டான். திங்கட்கிழமை. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்களாம். முதலில் கொஞ்சம் தெளிந்து, “வீட்டுக்குப் போலாம்மா” என்று சைகை காட்டியிருக்கிறான். பிறகு இருதயம் நின்றுவிட்டது. மூன்றரை வயது.

துக்கத்துக்குப் போனேன். செல்லம்மா அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, “ஒங்க பழனிக்கு ஆனதப் பாத்துத்தான் வல்லி, எம்புள்ளைக்கு ஊசி போடாம ஒளிச்சு வெச்சேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது.

அடுத்த லயத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குத் தொண்டை வலி. ஜெயா ஒரு தடவை இருமினாலும் வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். இன்று காலையிலிருந்து ஒன்பது தடவை பார்த்துவிட்டேன். பிள்ளை என்னைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறாள்.

மிஸி மறுபடி வந்தார். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. பழனியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டு எழுதிக்கொண்டு போய், தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தார். ஜெயாவுக்குப் போடலாம் என்றாராம் டாக்டர். “ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க மிஸி” என்று கெஞ்சினேன்.

“அப்பிடிப் பொய் சொல்ல மாட்டேன்க்கா. காய்ச்சல் வரும். போட்ட எடம் வீங்கும். ரொம்ப அபூர்வமா இழுப்புகூட வரலாம். வந்தா ஒடனே தூக்கிட்டு வாங்க, நான் அன்னிக்கு முழுக்க கிளினிக்லதான் இருப்பேன். ஆனா இந்தத் தொண்டை நோயி வந்தா என்னாகும்னு ஒங்களுக்கே தெரியும்லா.”

பிறகு, “அன்னிக்குக் காலையில பாப்பாவுக்கு ஏற்கெனவே காய்ச்சல் இருந்தா போட மாட்டோம். மறைக்காமச் சொல்லணும்” என்றார்.

அத்தான், அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் மூன்று வருஷம் இருந்துவிட்டேன். ஊசி போட்ட அன்று காலை பழனிக்குப் பால் கொடுத்தபோதே அவன் உடம்பு சுட்டது. சொன்னால் திரும்பி வரச் சொல்வார்கள், கங்காணியிடம் இன்னொரு நாள் லீவு கேட்க வேண்டும், அவர் திட்டுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். ஊசியில் போனானா, முன்னமே வந்த காய்ச்சலில் போனானா, எனக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஊசி போடும் வண்டி வருகிற வியாழன் தோட்டத்துக்கு வருகிறது. அதற்குள் உங்கள் பதில் வந்து சேராது.

அம்சவல்லி

*

மூன்றாவது லயம்,
30.3.1979

அத்தான்,

எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் எழுதுகிறேன். நேற்று ஜெயாவுக்கு ஊசி போட்டுவிட்டேன்.

காலையில் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. மிஸியும் கண்ணாடிக் குழாயை அக்குளில் வைத்துப் பார்த்தார். நானே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரே கத்தல். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

மத்தியானம் வரை விளையாடினாள். சாயங்காலம் நான்கு மணிக்கு நெற்றி சுட ஆரம்பித்தது. பழனிக்கும் இதே நேரம். மிஸி கொடுத்த மருந்தைப் புகட்டினேன், துணி நனைத்துத் துடைத்தேன். கண் மேலே சொருகுகிறதா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். தூக்கத்தில் கை ஒரு தடவை வெட்டியது. அவ்வளவுதான், பிள்ளையை வாரிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் மழையில் கிளினிக்குக்கு ஓடினேன். மிஸி பார்த்துவிட்டு, “இது இழுப்பு இல்லக்கா, தூக்கத்துல துள்ளுறா” என்றார். என்னை உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார். என் பல் கிடுகிடுவென்று அடித்ததில் குடிக்க முடியவில்லை.

இன்று காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. தொடையில் போட்ட இடம் கல் மாதிரி இருக்கிறது, தொட்டால் அழுகிறாள். பால் குடித்தாள்.

உங்கள் பேச்சை மீறினேன். ஏதாவது ஆகியிருந்தால் நானும் இருந்திருக்க மாட்டேன். திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

அம்சவல்லி

*

மூன்றாவது லயம்,
22.4.1979

அன்புள்ள அத்தான்,

நானும் ஜெயாவும் சுகம். மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. தபால் கொண்டுவரும் கிராணி என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

தொண்டை வலி வந்த இரண்டு பிள்ளைகளும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார்கள். இரண்டாவது ஊசி மே பத்தாம் தேதி. மறுபடி அதே பயம்தான். போடத்தான் போகிறேன். மறைத்துச் செய்ய மனமில்லை, அதனால் சொல்கிறேன்.

அம்சவல்லி

*

குவா மூசாங்,
1.5.1979

அன்புள்ள வல்லி,

உன்மேல் கோபத்தில் எழுதாமல் இருந்தேன் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை.

காளிமுத்து போன சேதி எழுதிய கடிதத்தை வியாழன் கழிந்த பிறகுதான் படித்தேன். நான்கு நாளில் உன் அடுத்த கவர் வந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் போல இருந்தது. பிரிக்கவில்லை. நாங்கள் தங்கும் கொங்சிக் கொட்டகையில் என் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், வந்தேன். பிரிக்காத வரைக்கும் ஜெயா இருக்கிறாள் என்று எண்ணம்.

நேற்று இன்னொரு கவர். என்னோடு தங்கியிருக்கும் பக்கிரிசாமி பார்த்துவிட்டு, “பிரிண்ணே. பிரிக்கலைன்னா நடந்தது நடக்காமப் போயிருமா?” என்று தானே கிழித்துக் கையில் கொடுத்தான். ‘நானும் ஜெயாவும் சுகம்.’ அந்த வரிக்குமேல் போக முடியாமல் ஆள்கள் முன்னால் அழுதுவிட்டேன்.

பழனி உடம்பு சுட்டதாக எழுதியிருந்தாய். வல்லி, கிளினிக் வரைக்கும் அவனை மார்போடு அணைத்துத் தூக்கிப் போனவன் நான். எனக்கும் தெரிந்தது. வெயிலில் வந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிரசரிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஊசியைத் திட்டினேன், ஆஸ்பத்திரியைத் திட்டினேன். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் நீயும் மூன்று வருஷம் தனியாகச் சுமந்திருக்க மாட்டாய். எது அவனைக் கொண்டுபோனது என்று நமக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை.

மே பத்துக்கு முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டேன். ஒன்பதாம் தேதி தாப்பாவிலிருந்து கடைசி பஸ்ஸில் ஏறி வருகிறேன். ஊசி போடு. ஆனால் என்னை உள்ளே கூப்பிடாதே, என்னால் முடியாது. நான் வெளியில் சாலை ஓரத்தில் நிற்பேன். முடிந்ததும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சீக்கிரம் வெளியே வந்துவிடு.

உன்
தங்கையா