குவாவ் ஊரின் முதுகுகள்

ஏப்ரல் 30, செவ்வாய்

காலையில் வானொலியில் பேட்டி. ஜூன் மாதம் தலைநகர் செயின்ட் ஜார்ஜஸில் நடக்கப்போகும் என் முதல் தனிக் கண்காட்சியைப் பற்றி. அந்தப் பெண் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஏன் பலகையில் வரைகிறீர்கள் என்று கேட்டாள். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் பலகையில்தான் நன்றாக ஒட்டும் என்றேன். சிரித்தாள். பிறகு திடீரென்று, "உங்களை ஓவியராக்கியது யார்?"

பதறிப்போனேன். "யாருமில்லை. நானேதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

திரும்பி வந்தது சில்வனின் பஸ்ஸில். என்னைக் காதலித்துவிட்டு விட்டுப் போனவன்தான், ஆனாலும் ஏறியதும் "வாடி லிஸ்ட்ரா" என்பான். இன்று பேட்டியைக் கேட்டிருப்பான்போல. கையை நீட்டி ரேடியோவை மட்டும் அணைத்தான்.

மே 1

விடுமுறை. ஊரே என் வாசலில்.

முதலில் ரால் மாமா. படகு கட்டுகிறவர். கையில் இழைப்புளியோடு வந்தார். "ஏம்மா, பொடிப் பொண்ணா இருந்தப்ப உன் கையில பிரஷ்ஷக் குடுத்து, இந்தப் படகுக்குப் பேரு எழுதுன்னு சொன்னது யாரு? பேயா?"

அடுத்து கிளாரிஸ் சித்தி. கல்யாண கேக் செய்கிறவள். "ரோஜாப்பூ போடக் கத்துக்குடுத்தது நான்டீ! நீ நாசம் பண்ணின கேக்கெல்லாம் அடுக்கினா சர்ச் கோபுரத்த எட்டும்."

பான்டின் டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "கணக்கு வகுப்புல உன்ன தினமும் வெளிய நிக்க வெச்சேனே, மறந்துட்டியா? அந்த வெளிச்சுவத்துல கிறுக்கித்தான நீ கத்துக்கிட்ட? நான் மட்டும் உன்ன உள்ள உக்கார வெச்சிருந்தா இந்நேரம் பேங்க்ல குப்ப கொட்டிக்கிட்டு இருப்ப."

கடைசியில் சில்வன். "நான் விட்டுட்டுப் போனதாலதான அந்த நீலப் படமெல்லாம் வரைஞ்ச? அழுதழுது? அதுல எனக்குப் பங்கு இல்லியா?"

"நான் அழவே இல்ல. நீலம் மலிவாக் கெடச்சுது" என்றேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மே 3

போன வாரம் சித்தி கொடுத்த ஜாதிக்காய் ஜாமை இன்று வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பாதி தின்ற பாட்டில்!

மே 6

கண்காட்சிக்கூடத்தை நடத்தும் ஐயாந்தி தொலைபேசியில் அழைத்தாள். குரல் எப்போதும் குளிர்பெட்டியிலிருந்து வருவதுபோல இருக்கும். "நடுச்சுவர் இன்னும் காலியா இருக்கு. உங்க ஊர் ஜனங்கள வச்சு பெரிய படம் தர்றேன்னு சொன்னீங்க. இல்லன்னா சொல்லிடுங்க, புகைப்படக்காரர் ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார்."

தருகிறேன் என்றேன். எதை வைத்துத் தருவது? ஒருத்தர்கூட எனக்கு முன்னால் வந்து உட்காரப் போவதில்லை. மீன்காரரைக் கேட்டேன். "ஏன், நீயேதான் எல்லாம் ஆச்சே. கண்ணாடியப் பாத்து உன்னையே வரைஞ்சுக்க" என்றார். மீனையும் வாலோடு வால் வைத்து அளந்து, இருப்பதிலேயே சின்னதாக எடுத்துக் கொடுத்தார்.

மே 9

மன்னிப்புக் கேட்கலாம் என்று மாமாவின் பட்டறைக்குப் போனேன். மீனவர் திருநாளுக்காக ஒரு புதுப் படகு வெளியே நின்றது. இத்தனை வருஷமாகப் பெயர் எழுதுவது நான். இந்த முறை பக்கத்து ஊர் விக்டோரியாவிலிருந்து யாரையோ வரவழைத்திருக்கிறார். 'பொறுமை' என்று எழுதச் சொன்னாராம். அவன் கொட்டைகொட்டையாக 'பொறாமை' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

"மாமா, எழுத்து—"

"எழுத்துக்கு என்ன? அப்படித்தான் எழுதச் சொன்னேன்."

"பொறாமைன்னு படகுக்குப் பேரு வெப்பாங்களா?"

"வெப்பாங்க. நீ வானத்துல இருந்து குதிச்சவ. உனக்கு இதெல்லாம் தெரியாது."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என்னதான் செய்யச் சொல்றாங்க? ஒரு வார்த்த தப்பா வந்துடுச்சு. அதுக்கு இப்படியா? பயத்துல உளறினா அது பாவமா?

பாவம்தான் போலிருக்கிறது.

மே 11

சித்தி எதிரில் வந்தாள். என்னைப் பார்த்ததும் சடாரென்று மருந்துக்கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நான் கடந்து போகும்வரை சுவரையே படித்துக்கொண்டிருந்தாள். சுவரில் படிக்க ஒன்றும் இல்லை.

மே 14

நோய் பரவிவிட்டது. நான் தெருவில் இறங்கினால் ஊரே முதுகைக் காட்டுகிறது. டீச்சர் குடையை விரித்து அதன் பின்னால் மறைகிறார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

மே 17, மீன் வெள்ளி

வாரச் சந்தை. வறுத்த மீன் வாசம், பாட்டு, கும்பல். போகக் கூடாது என்றுதான் இருந்தேன், பசி விடவில்லை. நான் தெருமுனையில் தோன்றியதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒருசேரத் திரும்பினார்கள். தட்டோடு, பாட்டிலோடு, மீனை வாயில் வைத்தபடி.

எரிச்சலில் நடைபாதைக் கட்டையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர்களை முன்பக்கமாக எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்! வயிற்றை உள்ளே இழுப்பார்கள், மோவாயைத் தூக்குவார்கள், "மூக்க கொஞ்சம் சின்னதாப் போடு" என்பார்கள். முதுகுக்கு அந்தத் தந்திரமெல்லாம் தெரியவில்லை. மாமாவின் சட்டையில் வியர்வை ஒரு தீவுபோல் படர்ந்திருந்தது. சித்தியின் கவுனில் ஜிப்புக்குப் பதிலாக மூன்று ஊக்கு. டீச்சரின் ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. கோபமாக இருந்தாலும் அந்தத் தோளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பையில் பென்சில் இருந்தது. அவர்கள் திரும்பாமல் இருந்தார்கள். நான் நிறுத்தாமல் வரைந்தேன். இவ்வளவு நேரம் அசையாமல் இவர்கள் எனக்கு நின்றதே இல்லை.

மே 20

நான்கு பலகைகளை ஒன்றாக அடித்தேன். நீலம் தீர்ந்தது. பரவாயில்லை.

மே 28

நேற்று வேண்டுமென்றே தெருவில் ஒரு நடை போய்வந்தேன். சித்தியின் இடது பக்கம் சரியாக வரவில்லை. போகும்போது ஒருமுறை திரும்பி நின்றாள், வரும்போது ஒருமுறை. இப்போது வந்துவிட்டது.

ஜூன் 6

படத்தை ஏற்றும் அளவுக்கு ஊரில் இருக்கும் பெரிய வண்டி சில்வனின் பஸ்தான். வேறு வழி இல்லை. கெஞ்சினேன். கூரைமேல் கட்டும்போது போர்வை நழுவிவிட்டது.

ரொம்ப நேரம் பார்த்தான். "இந்தக் கோடியில நிக்கிற ஆளு யாரு?"

"நீதான்."

பின்னந்தலையைத் தடவினான். மறுபடியும் தடவினான். "லிஸ்ட்ரா... எனக்கு வழுக்க விழுதா?"

"தெரியாதா?"

"யாருமே சொல்லலியே! எங்கம்மாகூட சொல்லல!"

செயின்ட் ஜார்ஜஸ் வரைக்கும் ஒரு கையால்தான் ஓட்டினான்.

ஜூன் 7

ஊருக்கே தெரிந்துவிட்டது. இரவு யாரோ என் ஜன்னலுக்கு வெளியே, "எனக்கு மட்டும் அகலமாப் போட்டிருந்தா அவள சும்மா விட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். சித்தியின் குரல்.

ஜூன் 8, சனி

திறப்புவிழா. எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

ஐயாந்தியின் விருந்தினர்கள் கண்ணாடிக் கோப்பைகளோடு மெதுவாக உலாவிக்கொண்டிருந்தார்கள். அப்போது வாசலில் சில்வனின் ஹாரன். பஸ் நிறைய குவாவ் ஊர்க்காரர்கள். சில்வன் தொப்பியோடு. சித்தி முன்னால், இடுப்பில் ஒரு பானை ஆயில் டவுன் கூட்டு. தேங்காய்ப்பாலில் மீனோடு வெந்த சீமைப்பலா வாசம் கூடம் முழுக்க நிறைந்தது.

நேராக நடுச்சுவருக்குப் போனார்கள். பிறகு ஆரம்பித்தது.

"இது நானு."

"நீ எப்படி? இது என் சட்ட!"

"என் இடுப்பு இவ்வளவு இல்லவே இல்ல. யாராவது பின்னால வந்து பாத்துச் சொல்லுங்க!"

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக ஒவ்வொருவரும் அவரவர் உருவத்துக்கு நேராகப் போய் நின்றார்கள். சுவரில் ஒரு வரிசை முதுகு, தரையில் ஒரு வரிசை முதுகு. விருந்தினர் ஒருவர் ஐயாந்தியிடம் கிசுகிசுத்தார்: "இதுவும் படைப்பின் பகுதியா?"

கண்ணிமைக்காமல் சொன்னாள்: "ஆமாம்."

டீச்சர் மட்டும் திரும்பிப் பார்த்து, "என் குடையில ஒரு கம்பி ஒடைஞ்சிருக்கும். முழுசா வரைஞ்சிருக்க. தப்பு" என்றார். எல்லார் முன்னாலும் பிரஷ் எடுத்து வந்து அந்தக் கம்பியை ஒடித்தேன். தலையாட்டினார். கணக்கில்கூட அவரிடம் ஒரு தலையாட்டல் வாங்கியதில்லை.

அதன் பிறகு விருந்தினர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு மூலையில் டீச்சர் வெளிச்சுவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொரு மூலையில் சித்தி, பரிமாறியபடியே, கேக் ரோஜா எப்படி மலரும் என்று விரலை மடக்கிக் காட்டினாள். என் கண்காட்சியில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு தட்டை வாங்கிக்கொண்டு மாமாவின் பின்னால் நின்று அவர் பேசுவதைக் கேட்டேன்.

"சின்னதுல இவளுக்கு எழுத்தே நேரா வராது. படகுக்காரன் பாத்தா திட்டுவான்னு, விடியறதுக்குள்ள நானே போய் அழிச்சு அதே மாதிரி நேரா எழுதி வெச்சிருவேன். காலைல வந்து பாத்துட்டு, ஆகா, நாம எவ்வளவு அழகா எழுதியிருக்கோம்னு நெனச்சுக்கும்."

அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். வருஷக்கணக்காக.

"மாமா" என்றேன். திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி என் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 10

பார்படோஸிலிருந்து வந்த ஒருவர் படத்தைக் கேட்கிறார், அங்கே ஒரு கூடத்தில் மாட்டுவதற்கு. கொடுக்கலாமா என்று ஊரில் வாக்கெடுப்பு நடக்கிறதாம். சித்தி எதிர்ப்பு. "என் ஊக்க பார்படோஸ்காரன் எதுக்குப் பாக்கணும்?"

ஜூன் 16, ஞாயிறு

சர்ச் முடிந்த கையோடு ரால் மாமா வந்தார். சவரம் செய்து, கோட்டு போட்டு, கழுத்துப்பட்டை கட்டி. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வயிற்றை உள்ளே இழுத்தார். மோவாயைத் தூக்கினார்.

பலகையை எடுத்தேன். வெளியே படிக்கட்டில் டீச்சரும் சித்தியும் அடுத்து யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூக்கு—" என்று ஆரம்பித்தார் மாமா.

"தெரியும் மாமா. சின்னதாப் போடுறேன்."