தலை விழுந்தால் ஆம்

9.6.2025, திங்கள்
சுகர் மாத்திரைக்கு இன்றும் திருவேங்கடம் ஆஸ்பத்திரிக்குப் பஸ். மூன்று தெரு தள்ளி சங்கரபாண்டி டாக்டர் இருக்கிறார். ஒன்பது வருஷமாக அந்தப் படி ஏறவில்லை. என் வீட்டுக்காரரை அங்கே சேர்த்திருந்தபோது, "ரெண்டு நாள்ல நடந்து வருவாரு, நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க ஆச்சி" என்றார். வந்து இரண்டாவது வாய் எடுக்கிறேன், இவுக போயிட்டாகன்னு ஆள் வந்து நிற்கிறான்.
அந்த டாக்டருக்கு அது முன்னமே தெரியுமா, தெரியாதா?

11.6, புதன்
டாக்டர் மேல்படிப்பு படிக்கிற என் பேத்தி அபிஷா ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறாள். டாக்டர்மாரிடம் ஒரே கேள்வி: சாகப்போகிறவர் என்று தெரிந்தும் வீட்டாரிடம் பிழைப்பார் என்று சொன்னதுண்டா? பேர் எழுத வேண்டாம், தாளில் பதில் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். காசு சுண்ட வேண்டுமாம். தலை விழுந்தால் சும்மாவே 'ஆம்'. பூ விழுந்தால் உண்மை. 'ஆம்' என்றால் சொன்னது காசா மனுசனா என்று யாருக்கும் தெரியாதாம். அந்தத் தைரியத்தில் உண்மை வருமாம்.
படிச்ச பிள்ளை. உண்மைக்குக் காசு சுண்டச் சொல்லுதாளே.

15.6, ஞாயிறு
பெட்டியைத் திறந்தோம். பதினெட்டுத் தாள். ஒருவர் பழக்கத்தில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றில் 'ஆம்'. கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்பு.
சங்கரபாண்டி.
அபிஷா அந்த அடித்துண்டைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டாள். "மறந்துரு ஆச்சி, என் படிப்பே போயிரும்" என்றாள். நானா? ஒன்றாம் வகுப்பில் அவள் யாரிடம் ரப்பர் திருடினாள் என்பதுகூட நினைவிருக்கிறது.

16.6
காசா? அவரா?

17.6
காசா?

19.6, வியாழன்
சங்கரபாண்டியிடமே போய்விட்டேன். டோக்கன் 14. பிரஷர் பட்டையைக் கையில் சுற்றும்போது கேட்டேன்.
"காசு சுண்டினீங்களே, என்ன விழுந்துச்சு?"
பம்பை அமுக்கின கை நின்றது. யாருக்கும் தெரியாது என்று உங்கள் பேத்தி சொன்னாளே என்றார். அவள் சொல்லவில்லை, உங்கள் ஸ்டாம்பு சொன்னது என்றேன்.
பட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"சுண்டல ஆச்சி. சில்லற இல்ல. இப்ப எல்லாரும் போன்லதான அனுப்புதாங்க."
"அப்ப அன்னைக்கு?"
"தெரியும். உங்க முகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல."
திட்ட ஒன்பது வருஷமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். பட்டை கையை இறுக்கிக்கொண்டே இருந்தது. அதை அவிழ்த்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

10.7, வியாழன்
திருவேங்கடம் போகவில்லை. மூன்று தெருதானே, நடந்தே போனேன். சுகர் முந்நூற்றுப் பத்து. இப்படியே விட்டால் கால் போகும் என்றார் சங்கரபாண்டி.
முகத்தைப் பார்த்துச் சொன்னார்.