வகுப்பறையில் குடித்தனம்

அக்டோபர் 14, திங்கள்

மழை விட்டபாடில்லை. பள்ளிக்கு லீவு. இந்த வருஷம் பொதுப் பரீட்சை அக்டோபரிலேயே. அடுத்த திங்கள் தொடங்குகிறது, முதலில் கணக்கு. இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் கல்லூரியில் இடம். தொகையீட்டுக் கணக்குகள், அதாவது இன்டக்ரேஷன், இன்னும் கைக்கு வரவில்லை.

"வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சு, இவ உக்காந்து கணக்கு போட்டுட்டிருக்கா" என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். நான் எழுந்து நின்றால் தண்ணீர் திரும்பிப் போய்விடுமா?

அக்டோபர் 16, புதன்

போச்சு. எல்லாம் போச்சு. விடியும்போது கட்டில் காலைத் தொட்ட தண்ணீர், படகு வரும்போது இடுப்பளவு. கணக்கையும் வேதியியலையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வந்தேன். இயற்பியல் புத்தகம் நீந்திப் போய்விட்டது. அம்மா பதற்றத்தில் குக்கர் மூடியை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள், குக்கர் வீட்டில். அப்பா சிரித்தார். பிறகு அந்த மூடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

படகு கொண்டுவந்து சேர்த்த இடம் என் பள்ளிக்கூடம். முகாமாம். மாடியில் எங்களுக்குக் கொடுத்த கடைசி அறை என் வகுப்பு! லீவு விட்டாலும் இந்தப் பள்ளிக்கூடம் என்னை விடாது போலிருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

ஓர் அறையில் நான்கு குடும்பம். பெஞ்சுகளை அடுக்கிச் சுவர் எழுப்பியிருக்கிறோம். என் பெஞ்சின் மேல் யாருடைய போர்வையோ காய்கிறது. காய்கிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். "நீ இங்க படிக்கிற பொண்ணுதானே, வாளி எங்க இருக்கும்?" "நீ இங்க படிக்கிற பொண்ணுதானே, குழாயில ஏன் தண்ணி வரல?" நான் என்ன இந்தக் கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரியா?

பெஞ்சுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்கார அக்கா. தனி ஆள். கால் மெஷினையே படகில் ஏற்றி வந்தாராம். படகுக்காரர் "மெஷினா நீயா, ஒண்ணைச் சொல்லு" என்று கத்தியதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாராம். முகாமுக்கு வந்த துணிப் பண்டல்களை வெட்டி, மாற்றுத்துணி இல்லாதவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறார். நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விடிந்தால் கடகட, பொழுது சாய்ந்தால் கடகட! காதில் துணியை அடைத்துக்கொண்டு படிக்கிறேன். அதுவும் அவர் வெட்டிப்போட்ட துண்டுதான்.

அக்டோபர் 19, சனி

இன்று பெரிய ரகளை. போட்டுப் பார்க்கத் தாள் இல்லை. கரும்பலகை முழுக்க என்னவோ எண்கள் கிறுக்கியிருந்தது. அழித்துவிட்டு ஒரு தொகையீட்டுக் கணக்கைப் பலகை நிறையப் போட்டேன். ரொம்ப நாளாக முரண்டு பிடித்த கணக்கு. முடியும் தறுவாயில் அக்கா வந்து நின்றார். அந்த எண்கள் முகாமில் உள்ளவர்களின் அளவுகளாம். மார்பு, இடுப்பு, உயரம்.

"அடிப்பாவி! ஊரோட அளவையெல்லாம் துடைச்சிட்டியே!"

"போர்டு எழுதிப் படிக்கத்தானே இருக்கு?"

"கட்டிக்கத் துணி இல்லாம நிக்கிறவங்ககிட்ட போய்ச் சொல்லு, போர்டு எதுக்கு இருக்குன்னு."

அம்மா என் கையில் டேப்பைத் திணித்தாள். "நீ அழிச்சதை நீயே போய் எடுத்துட்டு வா." அறை அறையாகப் போனேன். ஒரு மாமா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். "மூச்சு விடுங்க மாமா" என்றால், "விட்டா துணி பத்தாதும்மா" என்கிறார். மத்தியானம் முழுக்கப் போனது. கணக்கும் போனது.

அக்டோபர் 21, திங்கள்

இன்று பரீட்சை. மற்ற ஊர்களில். எங்களுக்கு "மறு அறிவிப்பு வரும்வரை" கிடையாது. நான் குழாயடியில் தட்டு கழுவினேன்.

அக்டோபர் 24, வியாழன்

கல்வி அதிகாரி முகாமைப் பார்க்க வந்தார். வழியை மறித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்குப் பரீட்சை எப்போது? கல்லூரியில் இடமெல்லாம் தீர்ந்த பிறகா?

"கேள்வித்தாள் தயார்மா. எழுத இடம்தான் இல்ல. பாதி ஸ்கூல் தண்ணியில கிடக்கு."

"இதே ஸ்கூல்ல வைங்க சார்."

நான்தான் சொன்னேன். எல்லோர் எதிரிலும். மாடியில் ஓரமாக இரண்டு அறை ஒதுக்கினால் போதுமே என்று நினைத்தேன். "நல்ல யோசனை" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று கடகட சத்தம்கூடக் காதில் விழவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அக்டோபர் 26, சனி

புதன்கிழமை முதல் பரீட்சை. மையத்தில் வெளியாட்கள் இருக்கக்கூடாதாம். செவ்வாய்க்குள் முகாமைக் காலி செய்ய வேண்டும். முழு முகாமையும்.

எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு ரூம்தானே கேட்டேன்? எல்லாரையும் தொரத்துங்கன்னு சொன்னேனா?

யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. அந்த மாமா மட்டும் புதுச்சட்டையோடு வந்து, "நல்லா எழுதும்மா, இவ்வளவு பேர் எடம் விட்டிருக்கோம்" என்றார். குத்தலா, வாழ்த்தா? தலைமையாசிரியையிடம் ஓடினேன். "விதி அப்படிம்மா. பரீட்சை வேணும்னு நீதானே கேட்ட?" என்றார். அப்படின்னா வேணாம் டீச்சர், தள்ளி வைங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. எனக்குப் பரீட்சை வேண்டும். என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

நாங்கள் சித்தப்பா வீட்டுக்கு. அக்காவின் வீட்டில் இன்னும் முழங்கால் தண்ணீர், அதனால் தங்கை வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குப் போகிறார். அங்கே வளைந்து ஏறும் இரும்புப் படி. மெஷின் ஏறாது. பள்ளி கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னார் வாட்ச்மேன். வெளியே தூறல்.

அப்பாவும் நானும் மெஷினை வகுப்பு மூலைக்குத் தள்ளிப் போர்வையால் மூடினோம். என் பதிவு எண்ணும் அதே அறையில்தான் ஒட்டியிருக்கிறது.

"யாராவது கேட்டா என்னடி சொல்லுவ?"

"நான் பாத்துக்கறேன்க்கா."

"நீ பரீட்சையைப் பாரு. போர்டைத் துடைச்ச மாதிரி பேப்பரையும் துடைச்சு வெச்சிடாத."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 30, புதன்

மேற்பார்வைக்கு வந்தவர் வெளியூர்க்காரர். நேராக மூலைக்குப் போய்ப் போர்வையைத் தூக்கினார்.

"யாருது இது? பரீட்சை ஹால்ல இதுக்கு என்ன வேலை? வெளிய தூக்கிப் போடச் சொல்லுங்க."

எழுந்து நின்றேன்.

"எங்களுது சார். வெளிய வெச்சா நனைஞ்சிடும்."

"எங்களுதுன்னா?"

"இந்த ரூம்ல குடியிருந்தவங்களுது."

ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். போர்வையை இழுத்து மூடிவிட்டு, மணி அடித்ததும் தாளைக் கொடுத்தார்.

அவ்வளவு அமைதி. இத்தனை நாள் இதைத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் ஓர் எழுத்தும் ஓடவில்லை. பிறகு எழுதினேன். தொகையீட்டில் ஒரு கணக்கைக் கோட்டை விட்டேன். மற்றபடி பரவாயில்லை.

வரும்போது வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தேன். "அண்ணே, அந்த மெஷின் அங்கேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமையும் எனக்கு அதே ரூம்தான்."