ஆளுக்குப் பாதி

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. மீன்களைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போன அன்று, நம் கண்ணாடித் தொட்டியிலிருந்த பத்து டெட்ரா மீன்களில் ஐந்தைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஆளுக்குப் பாதி. இனிமே யாரும் குறை சொல்ல முடியாது" என்றீர்கள். மீதி ஐந்தும் நானும் அம்மாவோடு தங்கிவிட்டோம். நான் மறுநாளே நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். நகத்தளவு மீன்கள் அவை. எட்டுப் பத்தாகச் சேர்ந்து இருந்தால்தான் பயமில்லாமல் நீந்துமாம். நீங்கள் எதையும் படிக்காமலே பங்கு போட்டிருக்கிறீர்கள்.

என்னுடைய ஐந்தும் மேசைத் தொட்டியில் செடிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. நிறம் வெளுத்துவிட்டது. இரை போட்டாலும் வருவதில்லை. நேற்றுத் தங்கச்சி போனில், "அக்கா, என் மீனெல்லாம் மூலையிலயே நிக்குது. நானும் அதுங்க பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன்" என்றாள். அது உங்கள் காதில் விழுந்ததா?

அதனால் என் ஐந்தையும் பையில் போட்டு மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பையைக் கால் மணி நேரம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்ட பிறகுதான் மீன்களை உள்ளே விடவேண்டும். நீங்கள் எதையும் பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. தங்கச்சியையே செய்யச் சொல்லுங்கள்.

பத்தும் சேர்ந்து நீந்துவதை உட்கார்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு, தங்கச்சியை என்றைக்குக் கொண்டுவந்து விடுகிறீர்கள் என்று எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பங்கில் வராத மகள்